எந்த மெஷின்ல அடிச்ச?

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். நைட் ஷிஃப்ட். சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூம். வெளியே மே மாத வெக்கை, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய குளிர். இரும்பு அடுக்கில் எட்டு கணினிகள். எட்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டி, பிறகு ஓர் எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்குரிய கணினி திரைக்கு வரும். எட்டிலும் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. எட்டும் ஒரே ஜாடை.

ஆறாம் எண் சோதனைக் கணினி. அதை ரீபூட் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஸ்க்ரோல் லாக், ஸ்க்ரோல் லாக், எண். படம் மாறி வர ஒன்றிரண்டு விநாடி ஆகும். திரை இருண்டு கிடந்த அந்த இடைவெளியில் என் கை முந்திக்கொண்டது. கட்டளையை அடித்து என்டரும் தட்டிவிட்டேன். வெளிச்சம் வந்தபோது திரையில் இருந்தது ஐந்தாம் எண். வாடிக்கையாளர்களுக்கு பில் போடும் கணினி. தன் வேலைகளை ஒவ்வொன்றாக, ரொம்பப் பணிவாக, நிறுத்திக்கொண்டிருந்தது.

சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். திட்டவில்லை.

"எந்த மெஷின்ல அடிச்ச?"

"ஆறுன்னு நெனச்சு அடிச்சேன்ணா."

"நெனச்சது இருக்கட்டும். எதுல அடிச்ச?"

அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. காலையில் ஓர் அறிக்கை தயாரானது. 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள்: ஹியூமன் எரர். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது. பணம் போனதைவிட அந்த இரண்டு சொற்கள்தான் ரொம்ப நாள் உறுத்தின. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழுக்க என்னுடையதா? ஒரே கீபோர்டை வைத்துக்கொண்டு பல கணினிகளுக்கு நடுவே மனிதர்கள் தாவத் தொடங்கிய கதையைத் தேடிப் படித்தது இந்தக் கேள்வியால்தான்.

*

முதலில் கதை தலைகீழாக இருந்தது. கணினி ஒன்று, ஆட்கள் பலர். 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரு பெரிய ஐ.பி.எம். இயந்திரம் தன் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, தன்னோடு இணைந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மாறி மாறிக் கொடுக்கும். துண்டுகள் அவ்வளவு சிறியவை என்பதால் இயந்திரம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார். கடவுச்சொல் என்ற ஏற்பாடு கணினிக்குள் நுழைந்ததும் இந்த அமைப்போடுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பலர் வந்து போகும் இடம் என்பதால் 'நீ யார்' என்று கேட்க வேண்டிய தேவை இயந்திரத்துக்கு வந்தது.

1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு கணினி. அது ஒரு மேஜைக்காக, ஒரு நாற்காலிக்காக, அதில் உட்காரும் ஒருவருக்காகவே வடிவமைக்கப்பட்டது. பிறகு விலை இறங்க இறங்க, அதே வம்சத்துக் கணினிகளை அடுக்கடுக்காக வாங்கி சர்வர்களாக ஓடவிட்டார்கள். ஆள் உயர அடுக்கு ஒன்றில் 42 மெல்லிய கணினிகள் வரை செருகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மானிட்டரும் கீபோர்டும் வைக்க இடம் ஏது, காசு ஏது? சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டியில் மானிட்டரையும் கீபோர்டையும் ஏற்றி, எந்தக் கணினி படுத்துவிட்டதோ அதன் பக்கம் உருட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு க்ராஷ் கார்ட் என்று பெயர். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு வந்தவரிடம் அவசரமாகத் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டியின் பெயர் அது.

அந்த வண்டியை நான் இன்று மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன். தள்ளிக்கொண்டு போகிறவருக்கு தான் எந்தக் கணினி முன்னால் நிற்கிறோம் என்பதில் சந்தேகமே வராது. உடம்பு அங்கே இருக்கிறது.

*

நடையை மிச்சப்படுத்த வந்ததுதான் ஸ்விட்ச் பெட்டி. ஆரம்பத்தில் வெறும் திருகு. ஏ பக்கம் திருப்பினால் ஒரு கணினி, பி பக்கம் திருப்பினால் இன்னொன்று. உள்ளே கம்பிகள் மாறித் தொடும், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல். பி.சி. வகைக் கணினிகள் ஆன் ஆனதும் கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் முரண்டு பிடித்து நின்றுவிடும். கீபோர்டு இல்லை, தொடர எஃப் 1 விசையை அழுத்தவும் என்ற புகழ்பெற்ற செய்தி அப்போது வந்ததுதான். இல்லாத கீபோர்டில் எஃப் 1 எங்கே இருக்கும்? இன்றைக்கும் கணினிக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கீபோர்டு இருந்தால் ஆள் இருக்கிறார். ஆள் இல்லாமல் எனக்கு என்ன வேலை என்று அந்தக் கணினி நினைக்கிறது. அதனால் அடுத்த தலைமுறை ஸ்விட்ச் பெட்டிகள் அதனிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டன. பெட்டிக்குள் இருக்கும் சிறிய மின்சுற்று ஒவ்வொரு கணினியிடமும் "கீபோர்டு இங்கேதான் இருக்கிறது, மவுஸும் இருக்கிறது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எட்டு கணினிகளும் தங்கள் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நம்பும். உண்மையில் ஒருவர்தான் இருப்பார், அதுவும் ஒன்றின் முன்னால் மட்டும். கோர்பட்டோவின் இயந்திரம் மனிதர்களிடம் காட்டிய அதே வித்தையை இப்போது மனிதர்கள் இயந்திரங்களிடம் காட்டினார்கள்.

இந்தப் பெட்டிக்கு கே.வி.எம். என்ற பெயர் 1995இல் வந்தது. கீபோர்டு, வீடியோ, மவுஸ் மூன்றின் முதலெழுத்துகள். பெயர் வைத்தவர் சைபெக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ரெமிஜியஸ் ஷாட்டஸ். நிறுவனம் இருந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரத்தில். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய ஊர். 2000இல் சைபெக்ஸும் ஏபெக்ஸ் என்ற போட்டி நிறுவனமும் இணைந்து அவோசென்ட் ஆயின. 2009இல் எமர்சன் அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. நடப்பதைத் தவிர்க்க வந்த ஒரு பெட்டியில் அவ்வளவு வியாபாரம்.

பொய் எப்போதும் கச்சிதமாக எடுபட்டதும் இல்லை. 1987இல் ஐ.பி.எம். பி.எஸ்/2 கணினிகளோடு வந்த சிறிய வட்ட செருகிதான் 90களில் எல்லா இடத்திலும் இருந்தது. அதில் மவுஸ் தன் அசைவை மூன்று பைட் கொண்ட பொட்டலங்களாக அனுப்பும். சக்கரம் வைத்த மவுஸ் என்றால் நான்கு. ஸ்விட்ச் பண்ணும்போது கணக்கு ஒரு பைட் பிசகினால் போதும், கணினி எல்லாவற்றையும் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்ளும். கர்சர் மூலையை நோக்கிப் பாயும், தானாகவே க்ளிக் ஆகும், மெனுக்கள் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு பெட்டியைத் தொடக்கூடச் சோம்பல் வந்தது. கீபோர்டிலிருந்தே மாற்ற ஒரு விசை வேண்டும், அது வேறு எதற்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். ஸ்க்ரோல் லாக் அகப்பட்டது. அம்புக்குறி விசைகளால் திரையை உருட்டுவதற்காக வைக்கப்பட்ட விசை, கிட்டத்தட்ட எல்லோராலும் கைவிடப்பட்டது. பல பெட்டிகளில் அதை இருமுறை தட்டுவதே மாறுவதற்கான சைகை ஆனது. பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்து எண்ணைக் காட்டும்தான். ஆனால் பெட்டி அடுக்கின் பின்பக்கம் இருந்தால் விளக்கு யாருக்காக எரிகிறது? எங்கள் அறையில் பெட்டி பின்பக்கம்தான் இருந்தது.

*

1974இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுத்துத் திருத்தியை உருவாக்கினார்கள். அதில் இரண்டு நிலைகள். கட்டளை நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு உத்தரவு. உள்ளிடும் நிலையில் எழுத்து வெறும் எழுத்து. ஒருவர் உள்ளிடும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'எடிட்' என்று அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து மொத்த ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது உள்ளிடும் நிலைக்குக் கொண்டுபோகும். நான்காவது எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் தன்னந்தனியாக நிற்கும்.

அதே ஆய்வகத்தில் இருந்த லாரி டெஸ்லர் இந்த 'நிலை' என்ற ஏற்பாட்டையே வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். தன் கார் நம்பர் பலகையில்கூட 'நிலைகள் வேண்டாம்' என்று பொருள்படும் சொல்லை வாங்கி மாட்டியிருந்தார். நாம் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் அவர் வழியாக வந்ததுதான். 2020இல் இறந்தார். மெக்கின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் 1979இல் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், 2000இல் வெளியான தன் 'தி ஹ்யூமேன் இன்டர்ஃபேஸ்' நூலில் இதைக் கறாராக வரையறுத்தார். ஒரே செய்கை வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு விளைவைத் தருகிறது, எந்த விளைவு என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் அந்தக் கணத்தில் உங்கள் கவனத்தின் மையத்தில் இல்லை என்றால், நீங்கள் ஒரு நிலைக்குள் மாட்டியிருக்கிறீர்கள். ஜாக்கிரதையாக இரு என்று சொல்வதால் தீர்கிற பிரச்சினை இல்லை அது. மனித கவனம் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும்.

இதைப் படித்த இரவு எனக்கு அந்த சர்வர் ரூம் முழுசாக ஞாபகம் வந்தது. என் கவனம் கட்டளையில் இருந்தது. எந்த எண் என்ற விஷயம் அடுக்கின் பின்பக்கம் ஒரு விளக்கில் இருந்தது. கே.வி.எம். பெட்டி பிராவோவைவிடப் பெரிய நிலை-இயந்திரம். பிராவோவில் போவது ஒரு ஆவணம். இங்கே ஒரே சொல், ஓர் எண்ணில் சாதாரண வேலை, அடுத்த எண்ணில் விபத்து.

*

1996 கடைசியில், அதே கலிஃபோர்னியாவில், காஸ்மோ சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தில் இதற்கு வேறொரு விடை தற்செயலாகக் கிடைத்தது. காஸ்மோ, சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் கிளை. 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் உருவானது சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினிகளில்தான். காஸ்மோவின் பொறியாளர்கள் பெரும்பாலானோர் மேஜையில் இரண்டு கணினிகள்: ஒன்று ஐரிக்ஸ், ஒன்று விண்டோஸ். இரண்டுக்கும் தனித்தனி திரை இருந்தது. ஸ்விட்ச் பெட்டியோ விலை அதிகம், எரிச்சலும் அதிகம். ரிச்சர்ட் லீ, ஆடம் ஃபெடர் இருவரும் காஸ்மோசினர்ஜி என்ற மென்பொருளை எழுதினார்கள். கிறிஸ் ஷோன்மன் அதற்குப் பங்களித்தார். உள்ளே எல்லோருக்கும் பிடித்துப்போனது, ஆனால் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. பிறகு நிறுவனமே மூடப்பட்டது. ஷோன்மன் முதலிலிருந்து புதிதாக எழுதி 2001இல் சினர்ஜி என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்.

செயல்படும் விதம் எளிமையானது. கீபோர்டும் மவுஸும் மாட்டிய கணினி சர்வர், மற்றவை க்ளையண்ட். எது எதற்கு இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று முதலில் எழுதிவைக்க வேண்டும். பிறகு கர்சரை வலது விளிம்புக்குத் தள்ளினால் அது இந்தத் திரையில் மறைந்து அடுத்த கணினியின் இடது விளிம்பில் முளைக்கும். அந்தக் கணத்திலிருந்து அசைவுகளும் விசைகளும் நெட்வொர்க் வழியாக அங்கே போகும். படம் எங்கும் போவதில்லை. அவரவர் திரை அவரவரிடம். இந்த யோசனை அந்தக் காலத்தில் வேறு இடத்திலும் இருந்தது. டெக் நிறுவனத்தில் டேவிட் சேய்கன் எழுதிய எக்ஸ்2எக்ஸ் என்ற சிறிய நிரல் யூனிக்ஸ் கணினிகளுக்குள் இதே வேலையைச் செய்தது. அதில் இடம், வலம் கிடையாது, திசைகள். அடுத்த கணினி கிழக்கே இருக்கிறது என்று சொல்லலாம்.

கிழக்கு என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்விட்ச் பெட்டியில் கணினி என்பது ஓர் எண். எண்ணை ஞாபகம் வைக்க வேண்டும். விளிம்பைத் தாண்டும் முறையில் கணினி என்பது ஓர் இடம். கர்சரைக் கண் பின்தொடர்கிறது, கண் போன இடத்தில் கணினி இருக்கிறது. க்ராஷ் கார்ட் தள்ளியவருக்கு உடம்பு சொன்ன பதிலை இங்கே கண் சொல்கிறது. காசை மிச்சம் பிடிக்க எழுதப்பட்ட ஒரு நிரல், டெஸ்லர் கேட்டதைப் பாதியாவது கொடுத்துவிட்டது.

பாதிதான். கர்சரை வலப்பக்கக் கணினியில் விட்டுவிட்டு இடப்பக்கத் திரையைப் பார்த்தபடி டைப் அடித்தால் எழுத்தெல்லாம் வலப்பக்கம் போகும். வீட்டில் இரண்டு கணினி வைத்திருக்கும் நான் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்கிறேன். அமைப்பில் அ-வின் வலப்பக்கம் ஆ என்று எழுதிவிட்டு, ஆ-வின் இடப்பக்கம் அ என்று எழுத மறந்தால் கர்சர் போகும், திரும்பி வராது. விசைகள் வெகுகாலம் நெட்வொர்க்கில் மறைக்கப்படாமல், வெளிப்படையாகவே போய்க்கொண்டிருந்தன. கடவுச்சொல் உட்பட. விவரம் தெரிந்தவர்கள் எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் போட்டு அதற்குள் அனுப்பினார்கள்.

கணினிகளுக்கு நடுவே எல்லையை அழித்த மென்பொருளுக்குள்ளேயே எல்லைகள் முளைத்ததும் நடந்தது. சினர்ஜி பிற்பாடு கட்டண மென்பொருள் ஆனது. அதிலிருந்து பிரிந்த கிளைக்கு பேரியர் என்று பெயர். தடுப்பு என்று அர்த்தம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மொழி பேசினாலும் முதல் வணக்கத்தில் தன் பெயரைச் சொல்வதால் ஒன்றை ஒன்று ஏற்காது. பேரியரிலிருந்து இன்புட் லீப் பிரிந்தது. 2024இல் சினர்ஜியின் திறந்த மூலப் பகுதி டெஸ்க்ஃப்ளோ ஆனது. இதற்கிடையில் பெரிய நிறுவனங்களும் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்டின் மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ் 2011இல் வந்தது. ஆப்பிளின் யுனிவர்சல் கன்ட்ரோல் 2022இல். அதில் கர்சரை விளிம்பில் அழுத்தினால் விளிம்பு லேசாகப் புடைத்துக் காட்டும். எல்லையைத் தாண்டப்போகிறாய் என்று சொல்லும் அந்தச் சின்னப் புடைப்பு எனக்குப் பிடிக்கும். எங்கள் பெட்டியின் பின்பக்க விளக்கு, கடைசியில் முன்பக்கம் வந்துவிட்டது.

*

இத்தனை நேரமும் 'நான் எந்தக் கணினியில் இருக்கிறேன்' என்ற கேள்வியையே பேசிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் ஒரு கேள்வி இருக்கிறது: கணினியின் கேள்வி.

2025 ஜூன் இறுதியில் அமெரிக்க நீதித்துறை சில வழக்குகளை அறிவித்தது. வட கொரியாவின் கணினிப் பணியாளர்கள் வேறு ஆட்களின் அடையாளத்தில் அமெரிக்க நிறுவனங்களில் வீட்டிலிருந்து செய்யும் வேலைகளைப் பெற்றிருந்தார்கள். நிறுவனங்கள் அனுப்பிய லேப்டாப்கள் அமெரிக்க முகவரிகளுக்கே போயின. அங்கே யாரோ சிலர் அவற்றை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்கள். லேப்டாப் பண்ணை என்று பெயர். தூரத்தில் இருப்பவர்கள் அவற்றை இயக்கப் பயன்பட்ட கருவிகளில் ஒன்றாக நீதித்துறை குறிப்பிட்டது கே.வி.எம். ஸ்விட்சை. நெட்வொர்க் வழியாக இயங்கும் வகை. லேப்டாப்பைப் பொறுத்தவரை அதில் ஒரு கீபோர்டு மாட்டியிருக்கிறது, யாரோ தட்டுகிறார்கள். எஃப் 1 கேட்ட கணினியிடம் அன்று சொன்ன அதே பொய்தான்: ஆள் இங்கேதான் இருக்கிறார்.

இப்படிப்பட்ட கருவி நல்ல வேலையும் செய்கிறது. உயிரற்றுக் கிடக்கும் சர்வரை ஆயிரம் மைல் தள்ளியிருந்து எழுப்ப முடிகிறது என்றால் இதனால்தான். கீபோர்டு யார் கையில் என்று கணினிக்குத் தெரிவதே இல்லை. தெரிந்துகொள்ள முயன்றால் வேறு தொல்லை. லினக்ஸ் உலகில் 2008இல் தொடங்கிய வேலண்ட், ஒரு நிரல் இன்னொரு நிரலின் விசைகளை ஒட்டுக்கேட்கக் கூடாது, போலி விசைகளை அனுப்பவும் கூடாது என்று கறாராகக் கதவைச் சாத்தியது. நியாயம்தான். ஆனால் ஒட்டுக்கேட்பதும் போலி விசை அனுப்புவதும்தான் சினர்ஜியின் மொத்தத் தொழிலே. லிப்ஈஐ என்ற முறையான வாசல் அதற்காகவே உருவாகி 1.0 பதிப்பைத் தொட 2023 ஆனது. இப்போது அனுமதி கேட்டு நுழையலாம்.

*

அந்த விபத்துக்கு மறுநாள் அண்ணா இரண்டு காரியம் செய்தார். பெட்டியைத் தூக்கி முன்பக்கம் வைத்தார். ஐந்தாம் எண்ணின் கருப்புத் திரையைச் சிவப்பாக மாற்றினார். பிறகு என்னிடம் சொன்னார், "ஆபத்தான கட்டளை எதையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஹோஸ்ட்நேம்னு அடி. அது தன் பேரைச் சொல்லும். முதல்ல நீ யாருன்னு கேளு, அப்புறம் வேலையைச் சொல்லு."

அவர் டெஸ்லரையோ ராஸ்கினையோ படித்தவர் இல்லை. ஆனால் என்னை மாற்ற முயலாமல் அறையை மாற்றினார். அதற்குப் பிறகு அந்த ஐந்தாம் எண்ணில் யாரும் தவறாக அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, நான் அங்கிருந்த நான்கு வருடங்களில்.

அறிக்கையின் அந்தக் கட்டம் இன்று என் கைக்கு வந்தால், அந்த இரண்டு சொற்களை அடிக்க மாட்டேன். பக்கத்தில் மூன்று சேர்ப்பேன்: விளக்கு பின்பக்கம் இருந்தது.

இப்போதும் ஹோஸ்ட்நேம் அடிக்கிறேன். வீட்டுக் கணினியில்கூட. அது தன் பேரைச் சொல்கிறது. என் பேரை அது கேட்பதில்லை.